முன் வரிசையில் ஒரு கதிரை

பிள்ளையாரோடு சண்டை பிடித்துத்தான் இந்த வரத்தை வாங்கினேன். அவரை நம்புகிறவர்களுக்கு அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

83ஆம் ஆண்டு ஆடி மாதம் கொழும்பில் எங்கள் தமிழ்ச் சனத்தின் வீட்டையும் கடையையும் எரித்தார்கள். அந்தப் பயத்தில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக் கணக்கீட்டு வாத்தியார் லண்டனுக்குப் போய்விட்டார். என் மகளுக்கு அடுத்த வருடம் உயர்தரச் சோதனை. தகப்பன் இல்லாத பிள்ளை. அவள் படித்து வேலைக்குப் போனால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும். வேறு வாத்தியார் கேட்டுக் கல்விக் கந்தோருக்கு அலைந்தேன். அங்கிருந்த அதிகாரிகள் பார்ப்போம், பார்ப்போம் என்றே திருப்பி அனுப்பினார்கள். பிள்ளை புத்தகத்தை மூடிவைத்து அழுதாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, மத்தியானப் பூசை முடிந்து சனம் கலைந்தபிறகு, பிள்ளையாருக்கு முன்னால் நின்று வாய்க்கு வந்தபடி ஏசினேன்.

"ஒரு வாத்தியாரைத் தர உனக்கு வக்கில்லையோ? இனி ஒரு தேங்காயும் உனக்கில்லை."

மண்டபத் தூணுக்குப் பின்னால் படுத்திருந்த ஒருவர் எழும்பி வந்தார். தாடி. யாரோ கொடுத்த தொளதொளத்த சேட்டு. உற்றுப் பார்த்தால், சபாரத்தினம் முதலாளி! கொழும்பில் நிதி நிறுவனம் நடத்தியவர். எங்கள் பள்ளிக்கூடத்து மண்டபம் அவர் கட்டியது. எத்தனையோ ஏழைப் பிள்ளைகளைத் தன் செலவில் பட்டம் படிக்கக் கம்பசுக்கு அனுப்பியவர். ஆடியில் எல்லாம் சாம்பலாகி, அகதிக் கப்பலில் காங்கேசன்துறையில் வந்து இறங்கியவருக்கு, அவர் காசில் எஞ்சினியரான தமக்கையின் மகன்கூட ஒரு அறை கொடுக்கவில்லை. நன்றி கெட்ட சென்மங்கள்!

"தங்கச்சி, கணக்கீடு நான் சொல்லிக் குடுக்கட்டோ?" என்றார்.

எனக்குப் பிள்ளையார்மேல் இன்னும் கோபம் ஏறியது. வாத்தியாரைக் கேட்டால் வங்குரோத்து ஆனவரைத் தருகிறாரே, இது என்ன பகிடி என்று. முதலாளிக்கு என் முகம் விளங்கிவிட்டது.

"காசு போயிட்டுது பிள்ளை. கணக்குப் போகேல்லை."

அந்தச் சொல்லை நம்பி அவரைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனேன். நியமனக் கடிதம் இல்லாதவரை உள்ளே விட மாட்டேன் என்றார் அதிபர். முதலாளி கட்டிய மண்டபத்துக்குள்ளேயே! கோயில் மண்டபத்தில் வைத்துப் படிப்பித்தார். முதலில் என் மகள், பிறகு வகுப்பு முழுவதும் வந்தது. ஒரு சதம் வாங்கவில்லை. மகள் சித்தியடைந்து கம்பசுக்கு எடுபட்டாள்.

அந்த வருடப் பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாவில் முன் வரிசை முழுவதும் பெரிய மனிதர்கள். நடுவில் அந்த எஞ்சினியர். முதலாளி வாசலில், கல்லில் வெட்டிய தன் பெயருக்குக் கீழே, நின்றுகொண்டிருந்தார். ஒருவரும் இருங்கோ என்று சொல்லவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்து ஒழுங்கையில்தான் வீடு. ஓடிப்போய் எங்களிடமிருந்த ஒரேயொரு சாய்மனைக் கதிரையைத் தலையில் தூக்கிவந்து, எஞ்சினியருக்கு முன்னால் போட்டேன்.

"ஆரைக் கேட்டுக் கதிரை போட்டனீர்?" என்று விழாச் செயலாளர் பாய்ந்தார்.

"பிள்ளையாரைக் கேட்டு."

வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் எழும்பி நின்றார்கள். மகள் போய் முதலாளியைக் கையில் பிடித்துக் கூட்டிவந்து இருத்தினாள்.

இன்று மகள் அதே பள்ளிக்கூடத்தில் கணக்கீடு படிப்பிக்கிறாள். வெள்ளிக்கிழமை தவறாமல் தேங்காய் உடைக்கிறேன். ஊர்மேல் உள்ள கோபம் மட்டும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.

உங்களுக்கும் ஒரு குறை இருந்தால் அவரிடம் போய் வாய்விட்டுக் கேளுங்கள். ஏசிக் கேட்டாலும் தருவார். ஆனால் திரும்பி வரும்போது, தூணுக்குப் பின்னால் யார் படுத்திருக்கிறார் என்று ஒருதரம் பாருங்கள்.