வியாழக்கிழமை வான்

என் வீட்டுக்காரர் இறக்கக்கண்டியில் கடல்தொழில் செய்தவர். சண்டைக் காலத்தில் கடற்படையின் பாஸ் இல்லாமல் வள்ளம் இறக்க முடியாது. பாஸ் கிடைக்காத மாதங்களில் சும்மா இருந்து இருந்து கள்ளச்சாராயமான கசிப்புக்குப் பழகிவிட்டார்.

அந்த நாட்களில்தான் திருகோணமலையில், குடியை நிறுத்தவும், மனவருத்தங்களுக்கும் அரசாங்கச் செலவில் ஒரு கிளினிக் தொடங்கினார்கள். வியாழக்கிழமைகளில் வான் ஊர் ஊராக வந்து ஆட்களை ஏற்றும்.

"எனக்கென்ன விசரோ?" என்று அவர் கத்தினார்.

"எனக்குத்தான் நித்திரை இல்லை. துணைக்கு வாங்கோ" என்று கூட்டிப்போனேன். அது பொய்யும் இல்லை.

நிலாவெளியில் ஒரு முஸ்லிம் அக்கா, நாங்கள் ராத்தா என்போம், வளர்ந்த தன் மகனோடு ஏறுவார். காதுக்குள் யாரோ கதைப்பதாக அவன் சொல்லுவான். ராத்தா கிண்டிய தொதல் இனிப்பு வானுக்குள் கைமாறும். என் வீட்டுக்காரர் கடலைப் பார்த்து, இன்றைக்கு என்ன மீன் படும் என்று சொல்லிக்கொண்டே வருவார். கிளினிக்கில் ஆண்கள் வட்டமாக இருந்து மனம்விட்டுக் கதைத்தபின் கரம்போர்ட் விளையாடுவார்கள். கலியாணம் முடித்த புதிதில் கேட்ட சிரிப்பை அங்கேதான் திரும்பக் கேட்டேன். அந்தப் பொல்லாத காலத்திலும் வியாழன் எப்போது வரும் என்று காத்திருந்திருக்கிறேன்.

ஒரு வியாழன் வான் வரவில்லை. அடுத்த கிழமையும் வரவில்லை. நானும் ராத்தாவும் அரசாங்க அதிபரின் கச்சேரிக்குப் போனோம்.

"வானுக்கு ஒதுக்கின காசு முடிஞ்சுது. பஸ்ஸில வரலாம்தானே?" என்றார் அங்கிருந்த அதிகாரி.

"வரலாம் ஐயா. ஆனா பஸ் நிக்கிற இடமெல்லாம் கசிப்பு விக்கிறாங்கள். வான் அங்க நிக்காது" என்றேன்.

ராத்தாவும் சொன்னார். "செக்பொயின்டில இறக்கினா என்ட மகன் பயந்து ஓடுவான் சேர். ஓடினா சுட்டுப்போடுவாங்க. ஆஸ்பத்திரி வான் எண்டா இறக்க மாட்டாங்க."

அதுவரை எங்களை நிற்கவைத்துக் கதைத்தவர், "இருங்கோ அம்மா" என்று கதிரைகளைக் காட்டினார். கொழும்புக்கு எழுதிக் கேட்பதாகச் சொன்னார்.

அவர் கேட்டுத்தான் இருக்கவேண்டும். வான் திரும்ப வந்தது, இரண்டு கிழமைக்கு ஒருமுறை. அடுத்த வருடம் அதுவும் நின்றுபோனது. ராத்தா மகனோடு கிண்ணியாவில் தங்கை வீட்டுக்குக் குடிபோனார். மகன் மருந்தை விடவில்லை என்றும், மச்சானின் கடையில் நிற்கிறான் என்றும் ஆள்விட்டுச் சொன்னார்.

நாங்கள் பஸ்ஸில் போய்வந்தோம். தரிப்பிடங்களில் என் வீட்டுக்காரர் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். இடையில் இரண்டு தரம் சறுக்கிக் குடித்தார். வெட்கப்பட்டாலும் கிளினிக்குக்குத் திரும்பிப் போனார். தடை நீங்கிக் கடல் திறந்தபோது பழைய வள்ளத்துக்குத் தார் பூசி, விடியமுன் தொழிலுக்கு இறங்கினார். தெளிந்த கண்ணோடுதான்.