கழுத்தை அறுக்காத பெல்ட்

யாருடைய காரில் ஏறினாலும் சீட் பெல்ட்டை மாட்டிய கையோடு அவளுடைய இரண்டு விரல்கள் கழுத்துக்குப் போய்விடும். பெல்ட்டுக்கும் தொண்டைக்கும் நடுவே அந்த விரல்களைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டேதான் இறங்கும் இடம் வரைக்கும் வருவாள். பேசுவாள், சிரிப்பாள், வழி சொல்வாள். அந்தக் கை மட்டும் இறங்காது. தொண்டை வலியா என்று யாராவது கேட்டால், "தொண்டை நல்லாத்தான் இருக்கு. பெல்ட்டுதான் அதை அறுக்கப் பார்க்குது" என்பாள்.

அவள் குள்ளம். நாசூக்காகச் சொல்ல இதில் ஒன்றுமில்லை, அவளே சொல்லிக்கொள்வதுதான். தெரு அவளுக்கு வைத்த பெயர் அரைப்படி. கணவன் பேருந்து ஓட்டுகிறவன், நெட்டையன். அவன் பெயர் ஏணி. இருவரும் சேர்ந்து போனால், எந்தப் பரணில் ஏறப் போகிறீர்கள் என்று கேட்காத வாய் அந்தத் தெருவில் கிடையாது. "உங்க மூளையைப் பரண்ல போட்டு வெச்சிருக்கீங்களாமே, எடுத்துட்டு வரத்தான்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவாள்.

தொழில், துணிகளுக்கு அளவு திருத்துவது. புதிதாக எதுவும் தைப்பதில்லை. யாரோ ஓர் உடம்பை மனதில் வைத்துத் தைத்ததை, எதிரே வந்து நிற்கிற உடம்புக்குக் கொண்டுவருவாள். அளவு நாடா எந்நேரமும் தோளில் தொங்கும். வருகிறவர்கள் தங்கள் உடம்பைத் தாங்களே குறை சொன்னால் மட்டும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். எனக்குத் தோள் சரியில்லை அக்கா என்று ஆரம்பித்தால் போதும். "தோள் சரியாத்தான் இருக்கு. சட்டைதான் சரியில்லை. கழட்டு."

முன்பெல்லாம் அவளும் பெல்ட்டைக் கக்கத்துக்குக் கீழே இடுக்கிக்கொண்டு போனவள்தான். ஒருநாள் முன்னால் போன வண்டி சட்டென்று நிற்க, இவள் ஏறியிருந்த வாடகைக் கார் அதன்மேல் முட்டியது. பெரிய விபத்து இல்லை. காருக்கு விளக்கு உடைந்தது, கக்கத்துப் பெல்ட் அழுத்தி இவளுக்கு விலா எலும்பு. இனிமேல் பின்னால் உட்காருங்கள் என்றார் மருத்துவர். தலையணை வைத்துக்கொள் என்றாள் நாத்தனார். எல்லோருடைய பேச்சிலும் திருத்த வேண்டியது இவளைத்தான்; காரை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூச்சுவிட்டாலே வலித்துக்கொண்டிருந்தவளுக்கு வலியைவிட அதுதான் பொறுக்கவில்லை. எழுந்து நடமாடத் தொடங்கியதும், நாம் ஒரு கார் கட்டப் போகிறோம் என்று கணவனிடம் சொன்னாள். வாங்கப் போகிறோம் என்பதற்குத்தான் வாய் தவறிவிட்டது என்று அவன் நினைத்தான்.

வீட்டுக்குப் பின்னாலிருந்த கொட்டகையில் அந்தக் கார் வளர்ந்தது. இரும்புக் குழாய்ச் சட்டம், உடைக்கப் போன வண்டியிலிருந்து பிடுங்கிய இன்ஜின், அவள் கால் எட்டுகிற இடத்தில் பிரேக். ஏணியும் அவன் நண்பன் வெல்டர் அண்ணனும் கை; அளவு முழுக்க அவள். தெருவே வந்து வேடிக்கை பார்த்துவிட்டு, பொம்மைக் காருக்குச் சாவி எங்கே கொடுப்பது என்று கேட்டுவிட்டுப் போயிற்று.

அவள் கடையில் இருந்த ஒரு நாள், ஆண்கள் இருவரும் அவளைச் சந்தோஷப்படுத்த ஓட்டுநர் சீட்டுக்குப் பெல்ட்டை மாட்டி வைத்துவிட்டார்கள். திரும்பி வந்தபோது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்கள். அவள் ஏறி உட்கார்ந்து மாட்டினாள். பெல்ட்டின் மேல்முனையை ஏணியின் தோள் உயரத்தில் வைத்திருந்தார்கள். விரல்கள் கழுத்துக்குப் போயின. இறங்கி, காருக்கு அடியில் படுத்துப் பார்த்தாள். கீழ்முனையின் போல்ட், தரைத் தகரத்தில் ஓர் ஓட்டை போட்டுச் சின்ன வாஷரோடு முடுக்கப்பட்டிருந்தது.

"கழட்டுங்க" என்றாள்.

ஏணிக்கு முகம் சுண்டிவிட்டது. இருவரும் சேர்ந்து இழுத்துப் பார்த்ததாகவும் போல்ட் இம்மிகூட அசையவில்லை என்றும் வெல்டர் அண்ணன் அடித்துச் சொன்னான்.

"போல்ட்டு அசையாதுண்ணா. தகரம்தான் போகும். மெல்லிசு துணியில பட்டனை வெறுமனே தெச்சா என்னாகும்? துணியைப் பிச்சுக்கிட்டு வரும். உள்பக்கம் ஒட்டுத்துணி வெக்கணும்."

அவர்கள் நம்பாத பார்வை பார்த்தார்கள். அவள் விடவில்லை. இன்ஜினைத் தூக்கி இறக்கிய சங்கிலிக் கப்பியைப் பெல்ட்டின் கீழ்முனையில் மாட்டி இழுக்கச் சொன்னாள். கார் கொஞ்சம் எழும்புவதுபோல் இருந்தது. பிறகு தகரம் கிழிகிற சத்தம் கேட்டது. போல்ட்டும் வாஷரும் கழன்று சங்கிலியில் ஆடின. அந்த இடத்தில் உட்காரப் போகிறவள் தன் மனைவி என்பது ஏணிக்கு அப்போதுதான் உறைத்தது. பயந்துபோனான். அந்த ஓட்டை வழியாகக் கொட்டகைத் தரை தெரிந்தது.

மறுபடி முதலிலிருந்து. தடித்த இரும்புத் தகடு, மூலைகளை உருட்டிவிட்டு, சட்டக் குழாயோடு சுற்றிலும் வெல்டு வைத்தது. கூர்மூலை துணியையும் கிழிக்கும், தகரத்தையும் கிழிக்கும் என்று பக்கத்திலேயே நின்றாள். ஏணி பழைய டப்பாவிலிருந்து பொறுக்கி வந்த போல்ட்டுகளைத் திருப்பி டப்பாவிலேயே போட்டாள். பெல்ட்டுக்கென்றே வருகிற கெட்டி போல்ட்டுதான் வேண்டும். மறுபடி சங்கிலியை மாட்டி இழுத்தபோது சக்கரத்தோடு காரே எழும்பிற்று. மேல்முனை அவள் தோளுக்கு ஒரு விரற்கடை மேலே இறங்கி வந்தது.

இவ்வளவு கீழே வைத்தால் நான் எப்படி ஓட்டுவது என்று ஏணி கேட்டான்.

"நீங்க ஓட்டக் கூடாது. உங்க தோளுக்குக் கீழ வந்துடும். இடிச்சா முதுகெலும்பை அமுக்கும். பக்கத்து சீட்டு உங்க அளவுக்கு இருக்கு."

"ஊரையே ஏத்திக்கிட்டு ஓட்டுறவன்டி நான்."

"ஊரை ஓட்டுங்க. இதை நான் ஓட்டிக்கிறேன்."

சோதனை அதிகாரி தலையசைத்தால்தான் கார் சாலையில் இறங்க முடியும். வந்தவரும் நெட்டை. ஓட்டுநர் சீட்டில் முழங்கால் முட்ட உட்கார்ந்தார். மேல்முனை தன் தோளுக்குக் கீழே கிடப்பதைப் பார்த்து உச்சுக்கொட்டினார். வழக்கமான உயரத்துக்கு ஏற்றிவிட்டுக் கூப்பிடுங்கள், வருகிறேன் என்றார். ஏற்றினால் பெல்ட் மறுபடி அவள் கழுத்துக்கு வந்துவிடும். அவ்வளவு நாள் பாடும் வீண். ஏணி சரியென்று தலையாட்டப் போனான். அவள் குறுக்கே வந்து நின்றாள்.

"யாரோட வழக்கம் சார்? ஓட்டப் போறது நான். என்னை உட்கார வெச்சுப் பாருங்க."

அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் இறங்கி இடம் விட்டார். அவள் ஏறி உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டி, முன்கண்ணாடி வழியாக நேராகப் பார்த்தாள். அவர் அவள் தோளிலிருந்து அளந்தார். உலுக்கினார், இழுத்தார், அடியில் படுத்து வெல்டைச் சுரண்டிக்கூடப் பார்த்தார். அந்த நேரம் முழுக்க அவள் பெல்ட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தாள். கடைசியில் அவர் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். இவரைவிட உயரமானவர்கள் யாரும் இந்தச் சீட்டில் உட்காரக் கூடாது என்றார், பஸ் டிரைவரைப் பார்த்து.

கார் தெருவுக்கு வந்தது. பக்கத்து சீட்டில் ஏணி, பயணியாக. அவன் பெல்ட் க்ளிக்கென்று விழும்வரை அவள் சாவியைத் திருப்பவில்லை. பொம்மைக் கார் என்றவர்கள் வாசலுக்கு வாசல் நின்றார்கள். முதல் கியரில் நகர்ந்ததும் பழக்க தோஷத்தில் அவளுடைய இரண்டு விரல்கள் கழுத்துக்குப் போயின. அங்கே ஒன்றுமில்லை. பெல்ட் தோளின் நடுவே சமர்த்தாகக் கிடந்தது. கை கொஞ்சநேரம் என்ன செய்வதென்று தெரியாமல் அந்தரத்திலேயே நின்றது. பிறகு இறங்கிவந்து ஹாரனை அழுத்தியது. தெரு முனை திரும்பும்வரை எடுக்கவில்லை.