மீசை வைத்த பொம்மையின் பொதுவாழ்வு

கழிப்பறைக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் கேட்க மீசை வேண்டுமா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்கள்.

சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைக்கும் அக்காவுக்கு அந்தச் சந்தேகமே வந்ததில்லை. அங்கே பெண்கள் கழிப்பறைத் தாழ்ப்பாள் உடைந்து கிடந்தது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். நின்றவளுக்கு, தையல் குறைந்ததென்று மேலாளரிடமிருந்து வசவு. அவரிடம் வாய் வலிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, ஊர்க்காரர்களின் முகநூல் குழுவில் அக்கா தன் படத்தோடு எழுதினாள்.

பதில்கள் கொட்டின.

"வீட்ல சமையல் ஆச்சா?"

"புருஷன் என்ன பண்றாரு?"

"இதெல்லாம் பொதுவுல பேசற விஷயமாம்மா?"

தாழ்ப்பாளைப் பற்றி மட்டும் ஒருவரும் மூச்சு விடவில்லை.

கணவர் தலையில் அடித்துக்கொண்டார். "வேலை போயிடும்டி. அழிச்சுடு."

"அப்ப நீங்க வந்து கதவைப் பிடிச்சுக்கறீங்களா?"

அவருக்குத் திடீரென்று தாகமெடுத்தது; தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

அக்கா அழித்தாள். தொழிற்சாலை வாசலில் சட்டை மாட்டி நிறுத்தியிருந்த மீசைக்காரப் பொம்மையைப் படமெடுத்து, புதுக் கணக்கு தொடங்கி, அதே வரிகளை ஓர் எழுத்தும் மாற்றாமல் போட்டாள்.

"நெத்தியடி அண்ணே!"

"பொம்பளைங்களுக்காகப் பேச ஒரு ஆம்பளையாவது இருக்காரே!"

தினமும் அந்தப் பொம்மையைத் தாண்டிப் போகும் மேலாளரே, "பரிசீலிக்கிறோம் சார்" என்று எழுதினார். கணவர் கைபேசியை நீட்டி, "பாத்தியா, எழுதினா இப்படி எழுதணும்" என்றார். குழுத் தலைவரோ, 'பெண்களே, பேசுங்கள்' என்ற கூட்டத்துக்குத் தலைமை தாங்க சாரை அழைத்தார்.

சார் வந்தார். அக்காவும் ஒரு தோழியும் தூக்கிவந்து நடு நாற்காலியில் சாய்த்து வைத்தார்கள். கைகுலுக்க நீண்ட தலைவரின் கை பாதியிலேயே நின்றது.

"சார் எழுதறதோட சரி, பேச மாட்டாரு. நான் பேசறேன்" என்று அக்கா மைக்கை இழுத்து, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மேலாளர் பக்கம் திரும்பினாள். "மேலாளர் சார், பொம்மைகிட்ட பரிசீலிக்கிறோம்னீங்க. என்கிட்ட, எப்ப மாட்டுவீங்கன்னு சொல்லுங்க."

பின்வரிசையில் ஒருத்தி சிரித்தாள். அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை.

மறுநாள் தாழ்ப்பாள் வந்தது. பொம்மையைக் கிடங்கில் போட்டுப் பூட்டினார்கள். அந்தக் கதவுக்கு மட்டும் நல்ல பூட்டு.

மாடிக் கழிப்பறைக்கு இன்னும் தாழ்ப்பாள் இல்லை. அக்கா மறுபடி எழுதியிருக்கிறாள், சொந்தப் படத்தோடு. "சமையல் ஆச்சா?" அதற்குள் வந்துவிட்டது. அதற்குக் கீழே இடம் காலியாக இருக்கிறது. "தாழ்ப்பாள் எங்கே?" என்று அங்கே எழுதுங்கள். உங்கள் பெயரிலேயே எழுதுங்கள்.