அப்பாவுக்கு மட்டும்

மெரிலேண்ட்ஸ் ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றபோது, கூட வேலை செய்யும் செல்வியின் அழைப்பு வந்தது. "அண்ணை, துர்சுன் மோசம் போயிட்டார். ஹார்ட் அற்றாக். ஆருக்கு அறிவிக்கிறதெண்டு ஆஸ்பத்திரியில கேக்கினம்." சாவை அறிவிக்க வேண்டியவர் அவருடைய தாய். அவருக்குச் சொல்ல உலகத்தில் ஒரு வழியும் இல்லை.

செவன் ஹில்ஸ் கிடங்கில் எங்களோடு வேலை செய்த உங்களில் பலர் அவரைச் சீனர் என்றே நினைத்திருந்தீர்கள். நானும்தான். அவர் திருத்தினார்: "நான் உய்குர், சீனாவின் மேற்கிலுள்ள முஸ்லிம் இனம். பாஸ்போர்ட்தான் சீனாவுடையது." பிறகு சிரித்தார். "உன் பாஸ்போர்ட்டில் மட்டும் தமிழன் என்றா போட்டிருக்கிறது?"

தாயோடு கடைசியாக வீடியோ அழைப்பில் பேசியதை ஒரே ஒருமுறைதான் சொன்னார். அரசாங்க விடுதிப் பள்ளியிலிருந்து வந்திருந்த பேரன் கிழவியிடம் சீனத்தில் பேசினானாம். அவருக்கு அது புரியவில்லை. பிள்ளைக்குத் தாய்மொழி மறந்துவிட்டது. தாய் திரையைப் பார்த்து, "நாங்கள் நலம். இனி அழைக்காதே மகனே" என்றாராம். வெளிநாட்டிலிருந்து அழைப்பு வந்தாலே அங்கே பிடித்துக்கொண்டு போவார்களாம். அதன்பின் அந்த எண் வேலை செய்யவில்லை.

உய்குர் மக்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வியாழன் மாலையில் எண்ணெய் காயவைத்து ரொட்டி பொரிப்பார்கள். அந்த மணம் இறந்தவர்களைப் போய்ச் சேருமாம்; அதுதான் அவர்களுக்கு உணவாம். துர்சுன் அடுப்பின் முன் நின்று, "இது அப்பாவுக்கு மட்டும்" என்று உரக்கச் சொல்வார். அம்மாவைச் சேர்த்தால் அவர் இறந்ததை ஒப்புக்கொண்டதாகிவிடும். சேர்க்காமல் விட்டு, அவர் உண்மையில் இறந்திருந்தால், மறுவுலகில் அவர் பட்டினி. "எதைச் செய்தாலும் பிழை" என்பார்.

எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. போரில் காணாமல் போன தம்பிக்கு, இறந்தவர்களுக்கான அந்தியேட்டிக் கிரியையைச் செய்ய எங்கள் அம்மா கடைசிவரை விடவில்லை. "அவன் வருவான். அந்தியேட்டி கிந்தியேட்டி எண்டு ஒருத்தரும் கதைக்கப்படாது." இதைச் சொன்னபோது துர்சுன் தட்டை என் பக்கம் தள்ளினார். இருவரும் சாப்பிட்டோம். அதற்குப் பிறகு வியாழன்தோறும் அவர் வீட்டுக்குப் போனேன். இப்போது எனக்குப் போக இடமில்லை.

அடக்கத்துக்கு அவருடைய ஊர்க்காரர் சிலர் வந்தார்கள். படம் எடுக்க வேண்டாம் என்று கெஞ்சினார்கள். அங்கே வீட்டாருக்கு ஆபத்தாம். மனிதன் செத்ததற்குக்கூடச் சாட்சி வைக்கக் கூடாது என்றால் என்ன நியாயம் இது!

இந்த வியாழன் என் குசினியில் எண்ணெய் வைத்தேன். ரொட்டி கருகிப்போனது, மணம் வந்தது. "இது துர்சுனுக்கு மட்டும்" என்று உரக்கச் சொன்னேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான்.

அந்தத் தாய் உயிரோடு இருந்தால், அவரும் எண்ணெய் காயவைத்திருப்பார். உரக்கச் சொல்ல அங்கே முடியாது. மகனைச் சேர்க்காமல், கணவனுக்கு மட்டும் என்று மனத்துக்குள் சொல்லியிருப்பார்.