கடைசியா யாரு கை வச்சாங்க?

பவுனம்மாள் கடையில் டிவி ரிமோட்டுக்கு இரண்டு பேட்டரி வாங்குவதென்றாலும் மட்டுவார்குழலி கைப்பையிலிருந்து வோல்ட் அளக்கும் மீட்டரை எடுத்துவிடுவார். சிவப்பு ஒயர் ஒரு முனையில், கறுப்பு ஒயர் மறு முனையில். ஒன்றரை வோல்ட்டுக்கு ஒரு புள்ளி குறைந்தாலும் போச்சு. "இது வேணாம்மா, வேற குடுங்க."

"வெண்டைக்காய ஒடிச்சுப் பாத்து வாங்குறவளுகளப் பாத்திருக்கேன். பேட்டரிய நாடி புடிச்சுப் பாத்து வாங்குறவ நீ ஒருத்திதான்டி" என்பார் பவுனம்மாள். ஆனாலும் வேறு எடுத்துக் கொடுப்பார்.

பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் எலெக்ட்ரிக்கல் பிரிவு. இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். எடமலைப்பட்டி புதூரில் அவர் தெருவில் மிக்ஸி நின்றாலும் மோட்டார் முரண்டு பிடித்தாலும் முதல் அழைப்பு குழலியக்காவுக்குத்தான். வந்ததும் சாமானைப் பார்க்க மாட்டார். வீட்டுக்காரர்களை வரிசையாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கடைசியா யாரு கை வச்சாங்க?" என்பார். அந்தக் கேள்வியிலேயே யாராவது ஒருவர் மெதுவாக அடுப்படிப் பக்கம் நழுவுவார். "பழுதுல முக்காவாசி நம்ம கை வச்ச எடத்துலதாங்க இருக்கும்" என்பது குழலியின் சித்தாந்தம்.

இப்பேர்ப்பட்டவரைப் போன ஐப்பசியில் அவருடைய சொந்தக் காரே மூன்று நாள் மண்டை காய வைத்தது.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கத்தில் மகள் ஸ்ரீவித்யாவுக்கு வளைகாப்பு. முடிந்ததும் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். ஐம்பது வயதுக்கு மேல் லைசென்ஸ் எடுத்த குழலி, தன் பழைய வெள்ளைக் காரில் தானே ஓட்டித்தான் மகளைக் கூட்டிவருவேன் என்று ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தார். சம்பந்தியம்மா மைதிலி போனில், "புள்ளத்தாச்சிப் பொண்ண அந்த வண்டியிலயா? பேசாம டாக்ஸி சொல்லிடுங்களேன்" என்றது சுருக்கென்று தைத்திருந்தது வேறு.

வியாழக்கிழமை காலை சாவியைத் திருகினால் 'டொக்' என்ற ஒரே சத்தம். தெருமுனையில் பேட்டரிக் கடை வைத்திருக்கும் அன்வர் வந்து பார்த்தார். "பேட்டரி நல்ல பேட்டரிக்கா. சார்ஜ்தான் ஏறல. டைனமோ போயிருக்கும், கழட்டிரலாம்."

"அளக்காம எதையும் கழட்டக் கூடாது அன்வரு."

அன்வரும் குழலியின் கணவர் சந்திரசேகரும் தள்ளி வண்டியைக் கிளப்பினார்கள். என்ஜின் ஓடும்போதே குழலி பேட்டரியில் ஒயர் மாட்டும் கிளிப்பில் மீட்டரை வைத்தார். பதினாலு புள்ளி இரண்டு. டைனமோவிடமிருந்து வர வேண்டியது குறைவில்லாமல் வந்துகொண்டிருந்தது. ஆனால் மறுநாள் காலையும் 'டொக்'. அதற்கு மறுநாளும் அதே.

"ஆக்கிப் போடுறவனும் ஒழுங்கா ஆக்கிப் போடுறான். திங்கிறவனுக்கும் நல்ல வயிறு. அப்புறம் ஏன் பட்டினி கெடக்கு?" என்று இட்லித் தட்டைப் பார்த்துக்கூடப் பேச ஆரம்பித்துவிட்டார்.

ஞாயிறு காலை ஏழு மணி. கூடத்தில் வளையல் தட்டு, பழத்தட்டு, பூ எல்லாம் தயார். பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு குழலி திறந்த பானட்டுக்கு முன் நின்றார். ஃபியூஸ் மாற்றக்கூடக் கை நடுங்கும் சந்திரசேகர் போனைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார்.

"டாக்ஸிக்குச் சொல்லிடட்டுமா குழலி?"

"தள்ளி ஸ்டார்ட் பண்ணிப் போயிடலாங்க. திரும்பி வரப்போ காவிரிப் பாலத்துல நின்னுட்டா? வயித்துப் புள்ளக்காரிய நடு ரோட்டுல எறக்கி விடவா?" எதற்கும் அசைந்து கொடுக்காத மனுஷி, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சந்திரசேகர் இருபத்தேழு வருஷமாகக் காதில் விழுந்துகொண்டிருப்பதையே கேட்டுவைத்தார். "கடைசியா யாரு கை வச்சாங்க?"

குழலி சுள்ளென்று திரும்பினார். "நான்தான்! என் வண்டியில வேற எவன் கை வைப்பான்? ஆயுத பூஜைக்கு..." என்றவர் குனிந்து பேட்டரியைப் பார்த்தார்.

ஆயுத பூஜைக்கு பேட்டரி கிளிப்புகளைக் கழற்றி, வெந்நீர் ஊற்றிக் கழுவி, அவை மாட்டியிருந்த இரண்டு ஈயக் குமிழ்களையும் உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்திருந்தார். அவ்வளவு சுத்தமான சாமானை வெறுமனே விட மனசு வருமா? சுற்றிலும் குழைத்த சந்தனத்தைப் பூசி, குங்குமமும் வைத்து, அதன்மேலேயே கிளிப்பை மாட்டி முறுக்கிவிட்டார்.

"வண்டியத் தள்ளுங்க!" என்று கத்தினார். என்ஜின் ஓடியது. கிளிப்பில் மீட்டர்: பதினாலு புள்ளி இரண்டு. முனையை ஒரு விரற்கடை நகர்த்தி ஈயக் குமிழின் தலையில் வைத்தார். பன்னிரண்டு புள்ளி ஒன்று.

"ஒரு வெரக்கட தூரத்துல ரெண்டு வோல்ட்ட முழுங்கிட்டு உக்காந்திருக்கியே! அடிப்பாவி மட்டுவார்குழலி!"

என்ஜினை நிறுத்திவிட்டு ஸ்பேனரால் கிளிப்பைக் கழற்றினார். உள்ளே சந்தனம் காய்ந்து, கரண்டு ஏறவிடாமல் ஓடாக அப்பியிருந்தது. "நல்லாத்தான் சாமி கும்பிட்டிருக்கே" என்றார் சந்திரசேகர். குழலிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்துக்கொண்டே சுரண்டினார். மாட்டிச் சாவியைத் திருகியதும் வண்டி கொஞ்சம் முக்கியது, பிறகு பிடித்துக்கொண்டது. இப்போது கிளிப்பிலும் பதினாலு, குமிழிலும் பதினாலு.

"சாப்பிடுது!" என்றார் குழலி.

பிற்பகல் ஸ்ரீரங்கத்து வீட்டு வாசலில் ஸ்ரீவித்யா, கன்னத்திலும் கையிலும் பூசிய சந்தனம் காயாமல், முழங்கை வரை வளையல் குலுங்க முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். கிளம்பும்முன் ஒரு தடவை அளந்துவிடலாம் என்று குழலி பானட்டைத் திறந்து, மகளைச் சாவியைத் திருகச் சொன்னார். ஒரே திருகில் என்ஜின் ஓடியது. மைதிலிக்கு வாயெல்லாம் பல். சந்தனக் கிண்ணத்தோடு படியிறங்கி வந்தார்.

"நான் என்னமோ நெனச்சேன் சம்பந்தி, ஜோராத்தான் இருக்கு உங்க வண்டி. என் மருமகளக் கூட்டிட்டுப் போவுதில்ல, அதுக்கும் ரெண்டு பொட்டு வச்சு அனுப்புறேன்" என்று இரண்டு விரல் நிறையச் சந்தனத்தை வழித்துக்கொண்டு பேட்டரிப் பக்கம் குனிந்தார்.

குழலி அவர் கையைப் பிடித்து நிமிர்த்தி, பானட்டைப் படாரென்று மூடினார். பிறகு அதன்மேல் சாய்ந்து நின்றுகொண்டு, தன் இரண்டு கன்னத்தையும் நீட்டினார்.