புடலங்காய்க்குக் கல் கட்டிய கதை

மும்பை மாட்டுங்காவில் அந்த நர்சரிக்கு ஒரு வழக்கம் உண்டு. சனிக்கிழமைதோறும் ஏதாவது ஓர் அம்மா வந்து பிள்ளைகளுக்குப் படக்கதை காட்ட வேண்டும். கதையில் என்ன காய் வருகிறதோ அதையே சமைத்துக் கொண்டுவந்து எல்லோருக்கும் பரிமாறவும் வேண்டும். காய் என்றாலே ஓடுகிற பிள்ளைகூட கதையோடு சேர்த்து விழுங்கிவிடுமாம். யோசனை என்னவோ நல்ல யோசனைதான். நல்ல யோசனை இருக்கிற இடத்தில் நல்ல மனசும் இருக்கும் என்று நம்பினாளே முருகம்மாள், அவளைத்தான் சொல்ல வேண்டும்.

முருகம்மாள் தாராவிக்காரி. அப்பனும் ஆத்தாளும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். இவள் பிறந்ததே இங்கேதான். ஒரு தையல் கார்கானாவில் சட்டைகளுக்குப் பொத்தான் தைக்கிறாள். புருஷன் வெயிலுமுத்துவுக்கு டெம்போ ஓட்டுகிற வேலை. ஒரே மகள் ஷாலினி. வீட்டுக்கு நாலு எட்டில் பால்வாடி இருந்தும், வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி மகளை மாட்டுங்காவில் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

சேர்த்து என்ன புண்ணியம்? மற்ற பிள்ளைகளெல்லாம் பக்கத்துப் பக்கத்து பில்டிங். சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததும் ஒன்றின் கை இன்னொன்றின் டப்பாவில் இருக்கும். ஷாலினியின் டப்பா மட்டும் போனபடியே வரும்.

“மம்மி, என் டப்பால யாருமே கை வைக்க மாட்டேங்காங்க.”

முருகம்மாள் வேறெதற்கும் ஆசைப்படவில்லை. தன் மகளோடு நாலு பிள்ளைகள் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

அவள் முறை வந்தது. டீச்சர் பிரேமலதா கொடுத்த புத்தகத்தில் ஒரு புடலங்காய். பந்தலில் தொங்குகிறது, சுருண்டு சுருண்டு விளையாடப் பார்க்கிறது. நேராக வளரட்டும் என்று தோட்டக்காரன் அதன் நுனியில் கல்லைக் கட்டிவிடுகிறான். அடியில் இங்கிலீஷில் ஏதோ இருந்தது. முருகம்மாள் அதன் பக்கமே போகவில்லை. படம் போதும், மிச்சத்தை வாய் பார்த்துக்கொள்ளும் என்று விட்டாள்.

அவள் கவலையெல்லாம் பாத்திரத்தில்தான் இருந்தது. அந்தப் பள்ளிக்கூடத்தில் முக்கால்வாசி சைவத் தமிழ்க் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு கொதித்த சட்டியில் அவர்கள் பிள்ளைக்குப் பொரியல் வதக்கலாமா? பாவமில்லையா? யாரும் கேட்காமலே, யாரும் சொல்லாமலே, கடைக்குப் போய்ப் புது எவர்சில்வர் சட்டியும் கரண்டியும் வாங்கினாள். என்ன பேர் வெட்ட என்று கடைக்காரன் கேட்டதற்கு, ஷாலினி என்றாள்.

சனிக்கிழமை பிள்ளைகள் அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அவள் படத்தைக் காட்டிக் கையை ஆட்டி, “ஏலே, என் வாலுல எவம்லே கல்லக் கட்டுனது?” என்று புடலங்காய்க் குரலில் கேட்டாளே, ஒரே சிரிப்பு! நகுல் என்கிற பையன் சிரித்துச் சிரித்து ஷாலினியின் மடியிலேயே விழுந்தான். பிறகு பாசிப்பருப்பும் தேங்காய்ப்பூவும் போட்ட பொரியலைத் தட்டில் வைத்தாள். புடலங்காயின் வாலைத் தின்கிறேன் என்று நகுல் இரண்டாந்தடவை வாங்கித் தின்றான். ஷாலினிக்கு ஒரு வாய் ஊட்டியும் விட்டான். முருகம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

அதோடு வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாயிற்று. பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்திருந்த அம்மாக்களில் ஒருத்தி, நகுலின் அம்மா ஷ்யாமளா, அருகில் வந்து தட்டை எட்டிப் பார்த்து, “ரொம்ப நன்னா இருக்கே” என்று சொன்னதும் இவளுக்குத் தலைகால் புரியவில்லை.

“பயப்படாம குடுங்கக்கா. சட்டி புதுசு, கரண்டி புதுசு. இதுக்குன்னே வாங்கினேன். ஒரு கவிச்சியும் படல.”

கெட்டது குடி. அதுவரைக்கும் கவிச்சியைப் பற்றி அங்கே யார் நினைத்தார்கள்? ஷ்யாமளாவின் சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் மாறிவிட்டது.

“ஓ, உங்காத்துல அதெல்லாம் உண்டா? பாத்திரம் புதுசு, சரி. காய எதுல நறுக்கினேள்?”

முருகம்மாள் வீட்டில் இருப்பது ஒரே அருவாமனை. மீனும் அதில்தான், புடலங்காயும் அதில்தான். அது அவள் புத்தியிலேயே படவில்லை. ஒரு பொய் சொல்லியிருக்கலாம், பாவி மகள்! அதற்கும் ஒரு சாமர்த்தியம் வேண்டாமா?

“புளி போட்டு நல்லாத் தேய்ச்சுதான்...” என்று இழுத்தாள்.

ஷ்யாமளா முழுசாகக் கேட்கவில்லை. நகுலைத் தரதரவென்று வாஷ்பேசினுக்கு இழுத்துப் போய் வாயில் விரலை விட்டாள். “துப்பு! துப்புடா! இன்னும் இருக்கு!” பையன் ஓவென்று அழுதுகொண்டே கக்கினான். மற்ற அம்மாக்கள் ஓடிவந்து பிள்ளைகளின் கையிலிருந்து தட்டுகளைப் பிடுங்கினார்கள். பிரேமலதா எல்லாவற்றையும் குப்பைத்தொட்டியில் கொட்டினாள். சத்தம் போடாமல், சிரித்த முகமாய்ச் சொன்னாள்:

“இனிமே நான்வெஜ் வீட்டுக்காரங்க சமைச்சு எடுத்துட்டு வரவேண்டாம். வாழைப்பழம் போதும். தோல் உரிக்காம.”

ஏழை சொல் அம்பலம் ஏறுமா? முருகம்மாள் சட்டியை மட்டும் கழுவி எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நடந்து வருகிற வழியில் ஷாலினி கேட்டாள்: “மம்மி, நகுல் ஏன் கக்கினான்? நம்ம பொரியல் கந்தாவா?”

கந்தா என்றால் இந்தியில் அழுக்கு. முருகம்மாள் மகளை ஓங்கி அறைந்தாள். நடுரோட்டில், போகிறவர் வருகிறவர் பார்க்க, “வாய மூடிட்டு வாளா மூதி!” என்று மறுபடியும் அறைந்தாள். ஷ்யாமளாவிடம் நீளாத கை மகளிடம் நீண்டது.

திங்கட்கிழமை மகளைக் கூட்டிவரப் போனாள். இனி என்ன சொல்வார்களோ என்று கேட் பக்கத்திலேயே ஒதுங்கி நின்றாள். பிரேமலதாவே வெளியில் வந்து அவள் தோளில் கை வைத்தாள்.

“உங்க பொண்ணு ரொம்ப சமத்து முருகம்மா. லஞ்ச் டைம்ல எப்படிச் சமாளிக்கப் போறேன்னு எனக்கே பயமா இருந்துச்சு. நான் ஒண்ணுமே சொல்லல. அவளே டப்பாவ எடுத்துட்டுப் போய் ஷூ ஸ்டாண்ட் பக்கத்துல, சுவரப் பாத்து உக்காந்துட்டா. நகுல் கூப்பிட்டான், ‘கிட்ட வராத, உங்க மம்மி அடிப்பாங்க’ன்னு அவன அனுப்பிட்டா. இந்த வயசுல எந்தக் குழந்தைக்கு இவ்வளவு புரியும், சொல்லுங்க? நல்லா வளத்திருக்கீங்க.”

முருகம்மாள் மகளின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, “தேங்க்ஸ் டீச்சர்” என்றாள்.