பெயர் மாற்றாத ஸ்கூட்டர்

மலேசியாவின் சுங்கை பினாங்கில் என் வீட்டருகே இருந்த சாப்பாட்டுக் கடையில் பரோட்டா போடத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் அவர். மெலிந்த உடம்பு, தோளில் எப்போதும் ஒரு துண்டு. என் பழைய ஸ்கூட்டரை முழு விலை கொடுத்து வாங்கிய நாள் முதல், ஏறுமுன் அதன் இருக்கையைத் துண்டால் துடைப்பார்.

வண்டியை அவர் பெயருக்கு மாற்ற நாங்கள் இருவரும் போக்குவரத்து அலுவலகம் போய்க் கைரேகை வைக்க வேண்டும். "முட்டி வலிக்குதுலா தம்பி, அடுத்த வாரம் போவோம்" என்று நான்கு மாதம் கடத்தினேன். வலி பொய். வரிசையில் நிற்கச் சோம்பல்.

ஒருநாள் சாலைச் சோதனையில் அவரைப் பிடித்தார்கள். வண்டி என் பெயரில் இருந்ததால் என்னையும் நிலையத்துக்கு அழைத்தார்கள். அங்கிருந்த தமிழ் அதிகாரி, "உங்க மோட்டாரா அங்கிள்? இவருக்கு வித்துட்டீங்களா?" என்று கேட்டார்.

பெயர் மாற்றாமல் விற்றது என்மேல் குற்றமாகுமோ என்று பயந்தேன். "விக்கல, இரவல்தான் கொடுத்தேன்" என்றேன்.

"ஆமா சார், ஐயா வண்டிதான்" என்றார் அவர், தரையைப் பார்த்தபடி.

சாவி என் கைக்கு வந்தது. வெளியே வந்ததும் திட்டுவார் என்று நின்றேன்.

"பிரேக் புதுசா மாத்திருக்கேன் ஐயா. பாத்து மெதுவா அழுத்துங்க."

ஏன் அப்படிச் சொன்னார் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அவர் வெயிலில் கடைக்கு நடந்தார். நான் வண்டியில் வீடு திரும்பினேன். பிரேக் நன்றாகவே பிடித்தது.